இருபத்துமூன்று மஞ்சள் சீட்டுகள்

1

நான் கத்தாருக்கு வந்து இந்தத் தை மாதத்தோடு இருபத்திரண்டு வருடம் முடிந்தது. வந்த தேதியன்று எங்கள் அறையில் சேமியா பாயசம் வைப்பது வழக்கம். இந்த வருடம் வைக்கவில்லை. அன்று காலை என் போன் நின்றுபோனது.

நான் நாலு மணிக்கு எழுந்திருப்பவன். நாலரைக்குக் கம்பெனி பஸ் வரும். எழுந்ததும் போனைப் பார்த்தேன். திரை அப்படியே உறைந்து கிடந்தது. அறையில் என்னோடு இருப்பவர் இப்ராஹிம் பாய். லப்பைக்குடிகாட்டுக்காரர், டிரைவர். எங்கள் ஊருக்கும் அவர் ஊருக்கும் ஒரே பஸ்தான். ஆங்கிலமும் அரபியும் தெரிந்தவர். என் போனுக்கு வைத்தியம் பார்ப்பதும் அவர்தான். வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, இது போனா, பூக்கடையா?"

உள்ளே இடமே இல்லையாம். எல்லாம் படம். ரோஜாப்பூ, தாமரைப்பூ, ஆவி பறக்கிற டீ கிளாஸ், கைகூப்பும் குழந்தை, செட்டிகுளம் முருகன். எல்லாவற்றிலும் 'காலை வணக்கம்' என்று எழுதியிருந்தது. யார் இதெல்லாம் அனுப்புகிறார்கள் என்று கேட்டார். என்னிடம் வேலை கேட்டவர்கள் என்றேன். எத்தனை பேர் என்றார். இருபத்துமூன்று பேர், ஆவணியிலிருந்து தினமும் என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த இருபத்துமூன்று பேரில் ஒருவர்கூட 'விசா என்ன ஆச்சு' என்று கேட்டதில்லை. கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அந்தச் சங்கடம் வேண்டாம் என்று ஒரு பூவை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். மரியாதை. அந்த மரியாதையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றும்.

பாய் ஒவ்வொருவர் பெயராகத் திறந்து படங்களை அழித்துக்கொண்டே வந்தார். ஒரு பெயரில் மட்டும் புதிதாக எதுவும் வந்திருக்கவில்லை. செல்வராசு. ஒன்பது நாளாக அவனிடமிருந்து பூ வரவில்லை.

முதலில் ஒரு ஆள் குறைந்தது என்று நிம்மதியாக இருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. ஐந்து மாதம் ஒருநாள் விடாமல் அனுப்பியவன் ஏன் நிறுத்தினான்?

2

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். குன்னம் தாலுகாவில் மானாவாரிக் கிராமம். மக்காச்சோளம், பருத்தி, மழை பெய்தால் வெங்காயம். பதினாறு வயதில் கட்டட வேலையில் கம்பி கட்டப் போனேன். இங்கேயும் கம்பிதான் கட்டினேன். இப்போது ஃபோர்மேன். ஆங்கிலத்தில் என் பெயரை எழுதுவேன், வரைபடத்தில் எண்களைப் படிப்பேன், அவ்வளவுதான்.

ஆள் எடுக்க ஊருக்குப் போகச் சொல்லிக் கம்பெனி என்னை அனுப்பியது போன ஆவணியில். மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் கூட ஓர் ஆபீஸ் ஆள் வந்தார். நான் ஆளின் கைவேலையைப் பார்த்துத் தேறுமா என்று சொல்வேன், அவன் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வது அவர். இந்த முறை செலவைக் குறைக்க அவரை அனுப்பவில்லை. இரண்டையும் நீயே செய் என்று விட்டுவிட்டார்கள்.

என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டாலே சிரிப்பார்கள். பந்தியில் சோறு போடுகிறவரிடம் போதும் என்று சொல்ல வெட்கப்பட்டு, இலை நிறையச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்கத் திண்டாடுகிறவன் நான். முடி வெட்டும் கடையில் மீசையைத் தவறாக நறுக்கினாலும் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வருவேன். அப்படிப்பட்டவனிடம் கொடுத்த வேலை, எண்பது பேரை நிற்க வைத்து, நீ வேண்டாம் நீ வேண்டாம் என்று சொல்வது.

3

பெரம்பலூர் – அரியலூர் ரோட்டில் வெங்காயம் போட்டு வைக்கிற ஒரு கொட்டகையை, கம்பெனிக்கு ஆள் சேர்த்துத் தரும் ஏஜென்ட் பிடித்திருந்தார். காலி செய்து கூட்டியிருந்தார்கள். வாசம் மட்டும் போகவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றவர்களில் யார் வெங்காயத்துக்குக் கசக்கினார்கள், யார் வேறு எதற்குக் கசக்கினார்கள் என்று பார்க்க நான் துணியவில்லை.

பரீட்சை எளிது. நாலு நீளக் கம்பி, பதினைந்து ரிங், கொஞ்சம் கட்டுக்கம்பி, கையில் கொக்கி. அரை மணியில், கான்கிரீட் பீமுக்கு உள்ளே நிற்கிற கம்பிக்கூடு ஒன்றைக் கட்ட வேண்டும். முடிந்ததும் நான் போய் அதைப் பிடித்து ஆட்டுவேன். ரிங் நகராமல் நின்றால் சரி. இதில் பொய் சொல்ல முடியாது. கட்டுகிறவனும் முடியாது, பார்க்கிறவனும் முடியாது.

எனக்குப் படிப்பு போதாது என்பதால் ஆபீஸில் மூன்று நிற ஸ்டிக்கர் சுருள்களைக் கொடுத்திருந்தார்கள். ஆளின் பெயர்ச் சீட்டில் ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். பச்சை என்றால் எடுத்தாச்சு. சிவப்பு என்றால் இல்லை. மஞ்சள் என்றால், 'நிறுத்தி வை'.

ஒரு மனிதனின் கையில் சிவப்பைக் கொடுப்பது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். முதல் சிவப்பு ஆண்டிமடத்துக்காரர் ஒருவருக்கு. முந்திரிக்காட்டில் வேலை பார்த்தவர். கொக்கி பிடிக்கவே தெரியவில்லை. சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லார் முன்னாலும் அதை நாலாகக் கிழித்தார்.

"அஞ்சாங்கிளாஸ் படிச்சவன்லாம் என்னை வேணாங்குறான். ஒன் வேலைய நீயே வச்சுக்க."

போய்விட்டார். அதற்குப் பிறகு தெரியாத முகத்துக்கு மட்டுந்தான் சிவப்பு ஒட்டினேன். அரியலூர்ப் பக்கம், ஜெயங்கொண்டம் பக்கம், அதற்கும் அப்பால். குன்னத்து ஆட்கள், எங்கள் சொந்தம், என் மனைவி தனத்தின் சொந்தம், எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தல் போட்டவர்கள் என்று இவர்களில் தேறாதவர்கள் எல்லாருக்கும் மஞ்சள்.

மஞ்சள் ஒட்டியதும் என்ன நடந்தது தெரியுமா? சந்தோஷப்பட்டார்கள். நம் ஊரில் நல்ல காரியத்துக்கு எழுதுகிற எந்தக் காகிதத்திலும் நாலு மூலையில் மஞ்சள் தடவித்தானே கொடுப்போம்? சிவப்பைக் கிழித்தவரைப் பார்த்துவிட்டு, கையில் மஞ்சளோடு வந்தவன் அதை மங்களமாகத்தான் நினைப்பான். ஏஜென்ட் வேறு, "உங்க பேரு உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம்" என்று சொல்லி அனுப்பினார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்று சொல்லவில்லை.

செல்வராசு கடைசியில் வந்தான். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. நாற்பது வயது. என்னை மாமா என்பான், தனத்தை அக்கா என்பான். சின்ன வயதில் இரண்டு வருடம் என்னோடு கம்பி கட்டினான், அப்பா இறந்ததும் இரண்டு ஏக்கர் கரிசலைப் பார்க்க ஊரோடு நின்றுவிட்டான். அவன் கட்டிய கூட்டைப் பிடித்து ஆட்டினேன். பதினைந்து ரிங்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. பார்க்கவே பாவமாக இருந்தது. இந்தக் கட்டை நம்பிக் கான்கிரீட் ஊற்றினால் கட்டடம் நிற்காது.

என் விரல் சிவப்புச் சுருளில்தான் இருந்தது. அவன் சிரித்தான். "கை மறந்துடுச்சு மாமா. ரெண்டு நாள்ல வந்துடும்" என்றான்.

மஞ்சளை ஒட்டினேன். அந்த நேரத்தில் அதை நான் கருணை என்று நினைத்தேன். இப்போது அந்தச் சொல்லை எழுதவே கூச்சமாக இருக்கிறது. தெரியாதவனுக்கு உண்மையைக் கொடுத்தேன். தெரிந்தவனுக்குப் பொய்யைக் கொடுத்தேன். இதுதான் நான் சொந்த ஊருக்குச் செய்தது.

4

பச்சை ஒட்டிய ஆட்கள் ஐப்பசி முதல் வாரத்தில் வந்து இறங்கினார்கள். காலியாக இருந்த வேலை எல்லாம் நிரம்பிவிட்டது. ஆபீஸில் ஆள் எடுக்கும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்தார். நான் தயங்கித் தயங்கி மஞ்சள் ஆட்களைப் பற்றிக் கேட்டேன். எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில் கேட்டேன். அவர்கள் ஃபைலில் இருக்கட்டும் என்றார். அவர்களிடம் இல்லை என்று சொல்லிவிட வேண்டாமா என்றேன். வேண்டவே வேண்டாம் என்றார். சொன்னால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்களாம். அடுத்த புராஜெக்ட் எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் ஆள் தயாராக இருக்க வேண்டுமாம்.

அந்த ஆபீஸ் ஜன்னலிலிருந்து எங்கள் யார்டு தெரியும். கம்பிக் கட்டுகள் அடுக்கி, தரையில் படாமல் கட்டை வைத்து, மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும். ஈரம் பட்டால் துரு ஏறும் என்று ஒரு ஆள் தினமும் போய்ப் பார்ப்பார். கம்பியை நிறுத்தி வைத்தால் அதற்கு இத்தனை கவனம். மனிதனை நிறுத்தி வைத்தால் ஒரு தார்ப்பாயும் கிடையாது. அவன் எப்படித் துரு ஏறுகிறான் என்று பார்க்க ஓர் ஆளும் கிடையாது.

இதை நான் மேனேஜரிடம் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அவரைத் திட்ட எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. அவருக்கு அந்த இருபத்துமூன்று பேர் வெறும் பெயர். எனக்கு அப்படி இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும், ஒருவருக்கும் விசா வராது என்று. என் கையில் போன் இருந்தது. மறுநாள் காலையும் பூ வந்தது. பார்த்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

5

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.

என் மகன் கதிர் இன்ஜினியரிங் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. நான் படிக்காததை எல்லாம் அவன் படித்தான். முன்பெல்லாம் போன் செய்தால் அப்பா அப்பா என்று அரை மணி பேசுவான். இப்போது 'ம்' மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறான். வீடியோவில் பார்த்தால் லேப்டாப் வெளிச்சம்தான் முகத்தில் தெரிகிறது. தாடி வளர்ந்துவிட்டது. சென்னையில், பெங்களூரில், எங்கெங்கோ அப்ளிகேஷன் போடுகிறான்.

மார்கழியில் ஒருநாள் அதிசயமாக அவனே பேசினான். ஒரு கம்பெனியில் மூன்று ரவுண்டு இன்டர்வியூ முடித்தானாம். சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். இரண்டு மாதம் ஆயிற்று. அதை நம்பி உள்ளூரில் கிடைத்த ஒரு வேலைக்கும் போகவில்லையாம். எனக்கு ரத்தம் கொதித்தது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை இப்படி உட்கார வைக்க அவர்களுக்கு என்ன உரிமை? ஒரு வரி எழுதிப் போட்டால் குறைந்தா போவார்கள்? மனிதர்கள்தானா அவர்கள்? என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கதிர் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, "பதில் வரலைன்னா அதான் பதில்பா. இப்பல்லாம் அப்படித்தான். ஆனா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அன்னைக்கி மட்டும் அழுதுட்டு அடுத்தத பாத்துருப்பேன்" என்றான்.

போனை வைத்ததும் இப்ராஹிம் பாயிடம் அந்தக் கம்பெனியைத் திட்டித் தீர்த்தேன். அவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "ஆமாண்ணே, ஹராம்ஜாதிங்க" என்றார். ஒரு நிமிடம் கழித்து, "நம்ம ஆளுங்களுக்கு நீங்க எப்ப சொல்லப் போறீங்க?" என்று கேட்டார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. அப்போதும் ஒருவருக்கும் நான் போன் செய்யவில்லை.

6

போன் நின்ற அன்று சாயங்காலம் தனத்துக்குப் பேசி, செல்வராசு எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

புரட்டாசியில் நல்ல மழை. ஊரே மக்காச்சோளம் போட்டது. செல்வராசு மட்டும் போடவில்லை. இன்றைக்கு விதைத்துவிட்டு நாளைக்கு விசா வந்தால் களை எடுப்பது யார், காவல் காப்பது யார் என்று கேட்டானாம். பக்கத்து நிலத்துக்காரர் ஒரு வருடக் குத்தகைக்குக் கேட்டதற்கும் மஞ்சள் சீட்டைக் காட்டி, போகும்போது கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். இப்போது தையில் சுற்றிலும் மக்காச்சோளக் கதிர் ஒடிக்கிறார்கள். நடுவில் அவன் இரண்டு ஏக்கர் மட்டும் புல் முளைத்துக் கிடக்கிறது. போன வருடம் வரை ஆள் வைத்துக் கதிர் ஒடித்த அவன் மனைவி, இந்த வருடம் அடுத்தவர் காட்டுக்குக் கதிர் ஒடிக்கப் போகிறாள். போனுக்கு ரீசார்ஜ் செய்யவில்லை, அதனால்தான் பூ வரவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலையே. அவன் வூட்டு வழியா போறப்பல்லாம் அவனும் அவன் பொண்டாட்டியும் சிரிக்கிறாங்க, மாமா வேலைக்கு எடுத்துடுவாருன்னு. நான் தலைய குனிஞ்சுக்கிட்டு வரேன்."

நீயே அவனிடம் பக்குவமாகச் சொல்லிவிடேன் என்றேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அப்படித்தான் கேட்டேன்.

"நான் சொல்ல மாட்டேங்க. போன கொண்டுபோய்க் குடுக்குறேன். நீங்களே சொல்லுங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை, எனக்கு விடுமுறை. மத்தியானம் தனம் அவன் வீட்டுக்குப் போய் அங்கிருந்து கூப்பிட்டாள். பாய் எழுந்து வெளியே போகப் பார்த்தார். இருங்க என்றேன். தனியாக இருந்தால் மறுபடியும் வேறு எதையாவது பேசிவிடுவேன் என்று பயம்.

செல்வராசு நல்லாயிருக்கீங்களா மாமா என்றான். சாப்பிட்டீங்களா என்றான். அங்கே குளிர் எப்படி என்றான். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செல்வராசு, விசா வராதுப்பா."

"அடுத்த மாசந்தான் வருமா மாமா?"

"எப்பவும் வராது. உன் கட்டு நிக்கல. நான் அன்னைக்கே செவப்பு ஒட்டியிருக்கணும். மூஞ்சப் பாத்துட்டு ஒட்டல."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எப்பத் தெரியும் மாமா ஒங்களுக்கு?"

"ஐப்பசியில."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அந்த ஆண்டிமடத்துக்காரரைப் போல நாலு வார்த்தை கேட்டிருந்தால் இன்றைக்கு நான் கொஞ்சம் தூங்குவேன்.

"ஐப்பசியில சொல்லியிருந்தாக்கூட மல்லியாவது வெதச்சிருப்பேனே மாமா" என்றான்.

கத்தவில்லை. கணக்குப் பார்க்கிறவன் குரலில் சொன்னான். கரிசலில் மக்காச்சோளத்தை விட்டவன் ஐப்பசியில் கொத்தமல்லி போடுவான். பனியிலேயே விளைந்துவிடும். அது எனக்கும் தெரிந்த விஷயந்தான். நானும் அந்த மண்ணில் பிறந்தவன்தானே. அந்த ஒரு வாரத்தில் நான் வாய் திறந்திருந்தால் இன்று அவன் நிலம் வெறுமையாகக் கிடக்காது.

"அக்காகிட்ட குடுக்குறேன்" என்றான். பிறகு தனத்தின் குரல், தணிவாக.

"ஏங்க, சாமி படத்துல செருகி வச்சிருந்தான். எடுத்து எங்கையில குடுத்துட்டான், அந்தச் சீட்ட. இத நான் என்ன பண்ண?"

மற்ற இருபத்திரண்டு பேரையும் அன்றே கூப்பிட்டேன். நலம் விசாரிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன், விசாரித்தால் தைரியம் போய்விடும் என்று. சிலர் திட்டினார்கள். ஒருவர் என் தாயை இழுத்தார். ஒருவர் பரவாயில்லைண்ணே என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அதைத் தாங்க முடியவில்லை. நாலு பேர் எடுக்கவில்லை, அவர்களுக்குக் குரல் பதிவில் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் ஆகிவிட்டது. பாய் டீ போட்டு வைத்தார்.

மறுநாள் நாலு மணிக்குப் போனைப் பார்த்தேன். ஒரு பூவும் இல்லை.

7

போன வாரம் மேனேஜர் கூப்பிட்டார். புது புராஜெக்ட் வந்துவிட்டதாம், மறுபடியும் பெரம்பலூர் போக வேண்டுமாம். பழைய மஞ்சள் ஃபைல் மேஜையில் இருந்தது. அவர்கள் யாரும் வேலைக்கு ஆகமாட்டார்கள், அதை அவர்களிடம் நானே சொல்லிவிட்டேன் என்றேன். அவர் முகம் சுருங்கியது. மூன்று புதுச் சுருள்களை எடுத்து வைத்தார். நான் பச்சையையும் சிவப்பையும் எடுத்துக்கொண்டு மஞ்சளை அவர் பக்கம் தள்ளினேன்.

"நஹி சாஹியே" என்றேன். வேண்டாம். இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஆபீஸில் நான் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என் வெட்கம் எங்கும் போய்விடவில்லை.

கம்பெனி விதியை மாற்ற நீ யார் என்று கேட்டார். வேறு ஆளை அனுப்பிக்கொள்வேன் என்றார். அனுப்பட்டும். அவனிடமும் மூன்று சுருள் இருக்கும், அவனும் யாருக்காவது மஞ்சள் ஒட்டுவான். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்து, சரி, மஞ்சளில் உனக்கு என்ன பிரச்சினை, ஒரு காரணம் சொல் என்றார்.

சொல்ல வாயைத் திறந்தேன். ஐப்பசிக்கும் கரிசலுக்கும் மல்லி விதைப்புக்கும் அவர் பாஷையில் எனக்கு வார்த்தை தெரியவில்லை. மஞ்சள் சுருளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.